85 பேருக்கு அடையாள அட்டை: அச்சுக்கு முன்னால் பெயர்ப் பட்டியல்

உங்கள் கேள்வி இதுதான்: கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் பட்டறை வைத்திருக்கிறீர்கள், 85 பேர் வேலை செய்கிறார்கள், இதுவரை யாருக்கும் அடையாள அட்டை கிடையாது, இப்போது எல்லோருக்கும் போட வேண்டும். அட்டையில் என்னென்ன இருக்க வேண்டும், கடையில் கொடுத்து அடிப்பதா, பிரிண்டரே வாங்கிவிடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். பதினாறு வருடமாக அடையாள அட்டை அடித்துக் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். தெரிந்ததை எல்லாம் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

பிரிண்டரை இப்போதைக்கு வாங்க வேண்டாம். ஏன் என்று கீழே சொல்கிறேன். அதற்கு முன்னால் பேச வேண்டியது பெயர்ப் பட்டியலைப் பற்றி. நான் பார்த்த வரையில் அட்டை கெட்டுப்போவது அச்சில் அல்ல, எக்செல் தாளில்தான்.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு நூற்பாலைக்கு 140 அட்டை அடித்தேன். அலுவலகத்தில் இருந்தவர் எக்செல்லில் பெயர்களை அகர வரிசைப்படுத்தியிருக்கிறார். ஆனால் பெயர் இருந்த ஒரு பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்திவிட்டார். பணியாளர் எண்ணும் படக்கோப்பின் பெயரும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டன. ஒருவர் முகத்துக்கு இன்னொருவர் பெயர் என்று அத்தனை அட்டையும் அச்சாகிவிட்டது. நானும் பார்க்கவில்லை, அவர்களும் பார்க்கவில்லை. கோன் வைண்டிங் பிரிவில் இருந்த ஒரு அம்மா இரண்டு நாள் அந்த அட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்கு வந்திருக்கிறார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. அட்டையில் பெயர் ஆங்கிலத்தில் மட்டும்தான் இருந்தது. தன் படம் இருக்கிறது, கம்பெனி கொடுத்தது, சரியாகத்தான் இருக்கும் என்று நம்பியிருக்கிறார். அன்றிலிருந்து இரண்டு விஷயத்தில் விட்டுக்கொடுப்பதே இல்லை. அட்டையை மாட்டிக்கொள்பவரால் அதைப் படிக்க முடிய வேண்டும். அச்சுக்குப் போகும் முன் தன் விவரத்தை அவரே ஒரு முறை பார்த்திருக்க வேண்டும்.

ஆகவே பட்டியலிலிருந்து தொடங்குங்கள். ஒரு ஆளுக்கு ஒரு வரி. பத்திகள்: பணியாளர் எண், தமிழில் பெயர், ஆங்கிலத்தில் பெயர், பிரிவு, ரத்த வகை, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண், படக்கோப்பின் பெயர். தட்டச்சு செய்யும் முன்பே எல்லாப் பத்திகளையும் 'டெக்ஸ்ட்' வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் 007 என்ற எண் 7 ஆகிவிடும், நீண்ட எண்கள் நடுவில் ஒரு இ எழுத்தும் கூட்டல் குறியுமாகச் சுருங்கிவிடும், தேதியில் நாளும் மாதமும் இடம் மாறும். கடைக்கு அனுப்பும் கோப்பைச் சிஎஸ்வியாக, அதாவது பத்திகளைக் காற்புள்ளியால் பிரித்து வைக்கும் எளிய எழுத்துக் கோப்பாகச் சேமிக்கும்போது 'யூடிஎஃப்-8' என்று போட்டிருக்கும் வகையைத் தேர்ந்தெடுங்கள். சாதாரண சிஎஸ்வியில் சேமித்தால் தமிழ் எழுத்துகள் முழுவதும் கேள்விக்குறிகளாகிவிடும். வரிசைப்படுத்த வேண்டும் என்றால் முழு அட்டவணையையும் தேர்ந்தெடுத்துச் செய்யுங்கள். படக்கோப்புக்குப் பணியாளர் எண்ணையே பெயராக வையுங்கள். பெயரை வைத்தால் மூன்று முருகேசன் வந்து நிற்பார்கள்.

பணியாளர் எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. வேலையை விட்டுப் போனவருடைய எண்ணைப் புதிதாக வருபவருக்குக் கொடுக்காதீர்கள். எண்ணுக்குப் பஞ்சமில்லை. சம்பளப் பதிவேடு, வருகைப் பதிவு, விபத்துக் குறிப்பு எல்லாம் அந்த எண்ணில்தான் நிற்கும். ஐந்து வருடம் கழித்து யாராவது பழைய கணக்கைக் கேட்டு வந்தால், ஒரே எண்ணில் இரண்டு ஆள் இருப்பது பெரிய தலைவலி.

அடுத்தது பெயர். இங்கேதான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வேன். நம் ஊர்ப் பெயர்களில் முன்னெழுத்து ஒரு தனிச் சிக்கல். ஆதாரில் முருகேசன் ராமசாமி என்று இருக்கும், வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் முருகேசன் ஆர் என்று இருக்கும், அவர் கையெழுத்து ரா. முருகேசன் என்று இருக்கும். ஆங்கிலப் பெயரை ஆதாரில் உள்ள எழுத்துப்படியே போடுங்கள். வங்கிக்கோ இஎஸ்ஐ மருந்தகத்துக்கோ அட்டையைக் காட்டும்போது ஒத்துப்போக வேண்டும் அல்லவா. தமிழ்ப் பெயரை மட்டும் அவரிடமே எழுதி வாங்குங்கள். லட்சுமி, லெட்சுமி, லக்ஷ்மி மூன்றும் சரியான பெயர்கள்தான், எது அவருடையது என்பது அவருக்குத்தான் தெரியும். சுகுமாரனா சுகுமாறனா என்பதை நாம் இலக்கணம் பார்த்து முடிவு செய்யக் கூடாது. எழுதத் தயங்குபவர் இருந்தால் நீங்கள் எழுதி உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

உங்கள் பட்டறையில் ஒடிசா, பீகார் பக்கத்துத் தம்பிகளும் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். அவர்கள் பெயரை இங்கே ஆளுக்கு ஒரு விதமாக எழுதுவார்கள். பிகாஷ் என்ற பையனை விகாஸ் என்று எழுதி, அவனும் அதற்கே திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டதைப் பார்த்திருக்கிறேன். ஒடியாவில் அது பிகாஷ்தான். அவர்களுக்கு ஆங்கிலத்தில் பெரியதாகவும், அதன் கீழே மேஸ்திரிக்கும் வாட்ச்மேனுக்கும் கூப்பிட வசதியாகத் தமிழில் அவர் உச்சரிக்கிறபடியும் போடுங்கள். ஊர் விட்டு ஊர் வந்து உழைக்கும் ஒருவனுக்கு அவன் பெயரைச் சரியாக எழுதிக் கொடுப்பது சின்ன மரியாதை இல்லை.

சரி, படம். பாஸ்போர்ட் போட்டோ கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டால் பத்து வருடத்துக்கு முந்தைய படம் வரும், கல்யாண ஆல்பத்திலிருந்து வெட்டியது வரும், பழைய படத்தைச் செல்போனில் பிடித்து அனுப்பியது வரும். அதைவிட ஒரு மத்தியான வேளையில் நீங்களே எடுத்துவிடுவது மேல். சாதாரணச் செல்போன் போதும். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி ஆளை நிறுத்துங்கள், ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருக்கக் கூடாது. ஐந்தாறு அடி தள்ளி நின்று, கொஞ்சம் ஜூம் செய்து, கண் உயரத்தில் பிடித்து எடுங்கள். கிட்டே போய் எடுத்தால் மூக்கு பெரியதாகவும் காது சிறியதாகவும் தெரியும். பின்னணி வெள்ளைச் சுவராக இருந்தால் கேமரா அந்த வெள்ளையைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைத்துவிடும், முகம் இருண்டுபோகும். திரையில் முகத்தின் மேல் ஒரு தட்டு தட்டிவிட்டு எடுத்தால் சரியாகும். நான் வெளிர் நீலத் துணியைத்தான் பரிந்துரைப்பேன். நரைத்த தலை வெள்ளைப் பின்னணியில் கரைந்துபோவது இதில் நடக்காது. பர்தா, தலைப்பாகை அணிபவர்கள் அப்படியே இருக்கட்டும். நெற்றியிலிருந்து தாடை வரை முகம் தெரிந்தால் போதும்.

ஒன்றை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். படத்தை வெள்ளையாக்காதீர்கள், ஆக்கவும் விடாதீர்கள். ஸ்டுடியோக்களிலும் எங்களைப் போன்ற கடைகளிலும் கேட்காமலேயே முகத்தைச் சிவப்பாக்கி வழவழவென்று ஆக்கிக் கொடுக்கும் பழக்கம் உண்டு. காவலாளி அட்டையையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்து இவர் அவர்தானா என்று தெரிந்துகொள்ளத்தான் அந்தப் படம். உலைக்கு முன்னால் நின்று கறுத்த முகம் கறுத்த முகமாகவே இருக்கட்டும். வெளிச்சம் குறைவாக இருந்தால் படம் முழுவதற்கும் ஒரே அளவில் கூட்டிக்கொள்ளலாம், அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இனி வடிவமைப்பு. அட்டையின் அளவு 85.6 மில்லிமீட்டருக்கு 53.98 மில்லிமீட்டர், தடிமன் 0.76 மில்லிமீட்டர். ஏடிஎம் அட்டையும் இதே அளவுதான். ஐஎஸ்ஓ 7810 என்ற தரம் இதை வரையறுக்கிறது, கடைகளில் சிஆர் 80 என்பார்கள். இதை விட்டு விலகாதீர்கள். பெரியதாக இருந்தால் நன்றாகத் தெரியுமே என்று தோன்றும். அப்புறம் உறையும் கிடைக்காது, பர்ஸிலும் நுழையாது. கணினியில் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) கணக்கில் 1011க்கு 638 பிக்சல் வைத்து வரையுங்கள். பின்னணி நிறம் ஓரம் வரை போகிறது என்றால் நாலு பக்கமும் இரண்டு மில்லிமீட்டர் கூடுதலாக விடுங்கள். எழுத்தும் படமும் வெட்டு ஓரத்திலிருந்து மூன்று மில்லிமீட்டராவது உள்ளே இருக்கட்டும். கழுத்துப் பட்டையில் தொங்கும் அட்டைக்கு நெட்டு வாக்கு, சட்டைப் பையில் கிளிப் போடுவதற்குக் கிடை வாக்கு. உங்களுக்கு எது என்பதைப் பட்டையைப் பற்றிப் பேசும்போது சொல்கிறேன். துளை எங்கே வரும் என்பதை வரையும்போதே முடிவு செய்து அந்த இடத்தைக் காலியாக விடுங்கள். லோகோவின் நெற்றியில் துளை விழுந்த அட்டைகள் எத்தனையோ பார்த்தாயிற்று.

முன்பக்கத்தில் நான்கு விஷயம் போதும்: கம்பெனிப் பெயர், படம், ஆளின் பெயர், பிரிவும் எண்ணும். படம் 25க்கு 30 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். பெயர்தான் அட்டையிலேயே பெரிய எழுத்தாக இருக்க வேண்டும், லோகோ அல்ல. கம்பெனி எது என்று கம்பெனிக்குள் எல்லோருக்கும் தெரியும், எதிரே நிற்பவர் யார் என்றுதான் தெரியாது. பெயருக்குக் குறைந்தது 14 பாயின்ட். அச்சடித்த மாதிரியைச் சுவரில் ஒட்டி இரண்டு மீட்டர் தள்ளி நின்று படித்துப் பாருங்கள். கண்ணாடி போடும் வயதில் இருக்கும் ஒருவரையும் படிக்கச் சொல்லுங்கள். வடிவத்தைப் பட்டியலிலேயே நீளமான பெயரை வைத்துச் சோதியுங்கள். ரவி என்று போட்டுப் பார்த்து அழகாக இருக்கிறது என்று ஒப்புதல் கொடுத்துவிட்டால், முத்துக்கிருஷ்ணவேணி வரும்போது எழுத்து ஓரத்தைத் தாண்டி ஓடும். தமிழ் எழுத்துகள் ஆங்கிலத்தைவிட அதிக அகலம் கேட்பவை. இரண்டு வரிக்கு இடம் விடுங்கள்.

கழுத்தில் தொங்கும் அட்டை காற்றில் திரும்பிக்கொண்டே இருக்கும். பாதி நேரம் பின்பக்கம்தான் தெரியும். அதனால் பின்பக்கத்தின் மேற்பகுதியிலும் பெயரைப் போட்டுவிடுங்கள். செலவு எதுவும் இல்லை. அதன் கீழே ரத்த வகை, அவசர எண், கம்பெனி முகவரி, 'கண்டெடுத்தால் இந்த முகவரியில் சேர்க்கவும்' என்ற வரி.

ரத்த வகை பற்றித் தெளிவாகச் சொல்ல வேண்டும். அட்டையைப் பார்த்து எந்த மருத்துவமனையும் ரத்தம் ஏற்றாது, அங்கே சோதித்துத்தான் ஏற்றுவார்கள். ஆனால் யாருக்காவது அவசரமாக ரத்தம் தேவைப்படும்போது பட்டறையில் யார் யாரைக் கூப்பிடலாம் என்று உடனே தெரியும், அந்த வகையில் பயனுண்டு. ஞாபகத்திலிருந்து சொல்வதைப் போடாமல், சோதனைச் சீட்டைப் பார்த்துப் போடுங்கள். சீட்டு இல்லாதவருக்கு அந்த இடம் காலியாகவே இருக்கட்டும். உங்களைப் போன்ற பட்டறைக்கு இன்னும் உபயோகமானது பத்து இலக்க இஎஸ்ஐ எண். கை அடிபட்டு ஒருவரைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது அந்த எண்ணைத் தேடி அலுவலக பீரோவைக் குடைய வேண்டியிருக்காது. அவர் சம்மதித்தால் பின்பக்கத்தில் போடுங்கள்.

எவற்றைப் போடக் கூடாது என்பது இதைவிட முக்கியம். ஆதார் எண், பான் எண், பிறந்த தேதி, வீட்டு முகவரி, சொந்தக் கைபேசி எண் எதுவும் வேண்டாம். அட்டை பஸ்ஸில் விழும், டீக்கடையில் மறந்துபோகும். பெண்களின் முகவரியும் எண்ணும் தெருவில் கிடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அவசர எண்ணாகக்கூட வீட்டு எண்ணுக்குப் பதில் கம்பெனியின் இருபத்துநாலு மணி நேர எண் ஒன்றைப் போட்டு, வீட்டு எண்களை உள்ளே பதிவேட்டில் வைத்துக்கொள்ளலாம். யாராவது கூப்பிட்டால் நீங்கள் வீட்டுக்குச் சொல்லிவிடலாம். 2023ஆம் ஆண்டு நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படையே, என்ன காரணத்துக்காக விவரத்தை வாங்கினோமோ அதற்கு மட்டும்தான் பயன்படுத்த வேண்டும் என்பது. சட்டம் இல்லாவிட்டாலும் செய்ய வேண்டியதுதான்.

நிறத்தைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பிரிவுக்கு ஒரு நிறப் பட்டை கொடுப்பது நல்லது: மெஷின் ஷாப் நீலம், அசெம்பிளி பச்சை என்று. பிரிவின் பெயரையும் கூடவே எழுத வேண்டும், நிறம் பிரித்தறிய முடியாதவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் ஒப்பந்தத் தொழிலாளருக்கு மட்டும் மங்கலான சாம்பல் அட்டை, நிரந்தரப் பணியாளருக்குப் பளபளப்பான அட்டை என்று பிரிக்கச் சொல்லிச் சிலர் கேட்பார்கள். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. ஒரே லேத்தில் ஒரே வேலையைச் செய்யும் இரண்டு பேரில் ஒருவனை நெஞ்சில் அட்டை மாட்டித் தாழ்த்த வேண்டிய அவசியம் இல்லை. ஒப்பந்தக்காரர் பெயர் தெரிய வேண்டும் என்றால் பின்பக்கத்தில் ஒரு வரி போதும்.

தமிழ் எழுத்துரு விஷயத்தில் கவனமாக இருங்கள். இன்னமும் பல அச்சகங்களில் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில்தான் தட்டச்சு செய்கிறார்கள். அவற்றில் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் ஆங்கில விசைக்குள் ஒளிந்திருக்கும். உங்கள் எக்செல் பட்டியல் யூனிகோடில், அதாவது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்து முறையில் இருக்கும். இரண்டையும் கலந்தால் பெயர் குப்பையாகும். கடைக்காரர் பார்த்துப் பார்த்து மறுபடி தட்டச்சு செய்வார், பிழை அங்கேதான் நுழையும். 'யூனிகோடில் அடிப்பீர்களா' என்று முதலிலேயே கேளுங்கள். நிர்மலா, நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை எல்லாம் சிறிய அளவிலும் தெளிவாகத் தெரியும் யூனிகோடு எழுத்துருக்கள். பழைய பதிப்பு மென்பொருள்களில் கொம்பு போட்ட எழுத்துகள் உடைந்து 'கொ' என்பது பிரிந்து நிற்கும். ஒரு சோதனைக்கு 'கௌசல்யா, ஸ்ரீதேவி, கோபாலகிருஷ்ணன்' என்று மூன்று பெயரை அடித்துக் காட்டச் சொல்லுங்கள். மூன்றும் சரியாக வந்தால் மற்றவையும் வரும். 85 பெயரையும் கையால் ஒட்டாமல் கோரல் டிராவின் பிரிண்ட் மெர்ஜ் அல்லது இன்டிசைனின் டேட்டா மெர்ஜ் வழியாகப் பட்டியலிலிருந்து நேராக எடுக்கச் சொல்லுங்கள். நடுவில் மனிதக் கை எத்தனை முறை படுகிறதோ அத்தனை பிழை.

இப்போது அச்சு. காகிதத்தில் அடித்து லேமினேஷன் உறையில் போடுவது வந்துபோகும் விருந்தினர்களுக்குச் சரி. நம் ஊர் வியர்வையில் அது சில மாதங்களிலேயே ஓரம் பிரிந்துவிடும். பணியாளருக்கு பிவிசி என்ற கெட்டிப் பிளாஸ்டிக் அட்டைதான். அதில் மூன்று முறைகள் உண்டு.

முதலாவது இங்க்ஜெட். ஏ4 அளவு பிவிசி தாளில் மை பிரிண்டரில் அடித்து, இரு பக்கமும் மெல்லிய படலம் வைத்துச் சூட்டில் அழுத்தி, டை கட்டரில் அட்டை அட்டையாக வெட்டுவது. சிறு கடைகள் பலவும் செய்வது இதுதான். மலிவு, நிறமும் நன்றாக வரும், படம் படலத்துக்கு அடியில் இருப்பதால் உரசலில் போகாது. சூடு சரியாகப் படாவிட்டால் மூலையில் பிரியும். மாதிரி அட்டையை வளைத்து, மூலையை நகத்தால் நெம்பிப் பாருங்கள். படலம் எதுவும் போடாமல் இங்க்ஜெட் அட்டையில் அப்படியே அடித்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள், அது வேண்டாம்.

இரண்டாவது வெப்ப அச்சு. இதில் மைக்குப் பதில் ரிப்பன். மஞ்சள், மெஜந்தா, சியான், கருப்பு, மேலே ஒரு தெளிந்த பாதுகாப்புப் படலம் என்று ஐந்து துண்டுகள் ரிப்பனில் அடுத்தடுத்து வரும். அச்சுத் தலையின் சூட்டில் முதல் மூன்று நிறங்களும் ஆவியாகி பிளாஸ்டிக்குக்குள்ளேயே இறங்கிவிடும், அதனால்தான் முகங்கள் அத்தனை இயல்பாக வருகின்றன. கருப்பு மட்டும் பிசின் மாதிரி மேலே ஒட்டிக்கொள்ளும். எழுத்தும் பார்கோடும் கூர்மையாக வர வேண்டும் என்றால் அவை இந்தக் கருப்பில்தான் அச்சாக வேண்டும். எனவே எழுத்துகளைக் கரும்பழுப்பு, அடர்சாம்பல் என்று போடாமல் சுத்தக் கருப்பில் வையுங்கள். இந்த அச்சில் ஓரத்தில் மயிரிழை அளவு வெள்ளை தெரியும், அது குறையல்ல.

மூன்றாவது மறுமாற்று அச்சு. படத்தை முதலில் ஒரு படலத்தில் அடித்து, அந்தப் படலத்தை அட்டையில் ஒட்டுவது. ஓரம் வரை நிறம் வரும், சிப் பதித்த மேடு பள்ளமான அட்டைகளிலும் சீராக வரும். விலையும் அதற்கேற்ப.

உங்களுக்கு முதலாவதோ இரண்டாவதோ போதும். பிரிண்டர் ஏன் வேண்டாம் என்றேன் என்றால், ஒரு ரிப்பன் சுருளில் சுமார் 200 முதல் 300 அச்சு வரும். 85 அட்டை அடித்த பிறகு வருடத்துக்கு இருபது முப்பது பேர் புதிதாகச் சேர்ந்தால் அந்தச் சுருளே வருடக்கணக்கில் கிடக்கும். பிரிண்டரில் விலை கூடிய பாகம் அச்சுத் தலை. அதில் ஒரு தூசு ஒட்டினாலே எல்லா அட்டையிலும் ஒரே இடத்தில் வெள்ளைக் கோடு விழும். இரும்புத் தூள் பறக்கும் பட்டறைக்குப் பக்கத்து அறையில் அதை வைத்துக் காப்பாற்றுவது கஷ்டம். ஆட்கள் வந்து வந்து போகும் பெரிய பனியன் கம்பெனி, மருத்துவமனை, கல்லூரி என்றால் சொந்தப் பிரிண்டர் கட்டுப்படியாகும். நீங்கள் மாதம் ஒரு முறை புதியவர்களின் பட்டியலைக் கடைக்கு அனுப்பினால் போதும். அதுவரைக்கும் படத்தோடு ஒரு தற்காலிகக் காகித அட்டை.

க்யூஆர் குறியீடு போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். போடலாம், ஆனால் அதற்குள் பணியாளர் எண்ணை மட்டும் வையுங்கள். பெயர், எண், முகவரி எல்லாவற்றையும் திணித்தால் கட்டங்கள் பொடிப்பொடியாகி ஸ்கேன் ஆகாது, எந்தச் செல்போனாலும் படித்துவிடவும் முடியும். 15 மில்லிமீட்டருக்குக் குறையாமல், சுற்றிலும் வெள்ளை இடம் விட்டு, வெள்ளையில் கருப்பாக. அதைப் படம் பிடித்தால் நகல் கிடைத்துவிடும் என்பதால் அதை ஒரு பூட்டாக நினைக்காதீர்கள். கதவு திறக்கும் அட்டை வேண்டுமென்றால் ரேடியோ அலையில் வேலை செய்யும் அட்டைகளில் 125 கிலோஹெர்ட்ஸ் வகை மலிவு, ஆனால் நகலெடுப்பதும் எளிது. 13.56 மெகாஹெர்ட்ஸ் வகையிலும் மைஃபேர் கிளாசிக் என்ற பழைய அட்டையின் மறையாக்கத்தை (ரகசியப் பூட்டை) 2008லேயே உடைத்துவிட்டார்கள். பணமோ முக்கியப் பொருளோ இருக்கும் அறைக்கு டெஸ்ஃபயர் என்ற, பாதுகாப்பு கூடிய வகையைக் கேளுங்கள். இப்படிப்பட்ட அட்டையில் துளை போடும்போது கவனம். உள்ளே ஓரத்தைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பிச் சுருள் ஓடும். துளை அதன் மேல் விழுந்தால் அட்டை அதோடு செத்தது. டார்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் பெரும்பாலும் சுருள் தெரியும். இல்லை, துளையே போடாமல் உறையில் வைத்துவிடுங்கள்.

உறை என்றதும் இன்னொன்று. மெத்தென்று வளையும் பிளாஸ்டிக் உறையில் வெப்ப அச்சு அட்டையைப் போட்டால், அந்தப் பிளாஸ்டிக்கில் இருக்கும் எண்ணெய்ப்பசை அட்டையின் நிறத்தை இழுத்து முகத்தை மங்கலாக்கும். கெட்டியான உறை வாங்குங்கள். வண்டியின் முன்பெட்டியில் வெயிலில் வைத்தால் அட்டை வளைந்துவிடும் என்பதையும் ஆட்களிடம் சொல்லி வையுங்கள்.

பட்டை விஷயத்துக்கு வருகிறேன், உங்கள் பட்டறைக்கு உயிர் சம்பந்தப்பட்ட சங்கதி இது. லேத், டிரில், மில்லிங் இயந்திரங்களில் நிற்பவர்கள் கழுத்தில் எதுவும் தொங்கக் கூடாது. குனியும்போது பட்டை, பொருளைப் பிடித்துச் சுழலும் சக்கில் மாட்டினால், சுவிட்சை அணைக்க நேரம் இருக்காது. ஓடும் இயந்திரத்தைக் கவனிப்பவர் இறுக்கமான உடையில் இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. கழுத்துப் பட்டை அதற்கு நேர் எதிர். அவர்களுக்குக் கிடை வாக்கு அட்டை, சட்டைப் பையில் கிளிப், அல்லது வேலை நேரத்தில் நுழைவாயிலில் எண் போட்ட பலகையில் மாட்டிவிட்டுப் போகும் ஏற்பாடு. இரண்டாவதில் ஒரு கூடுதல் பயனும் உண்டு, தீ விபத்து மாதிரி நேரத்தில் உள்ளே எத்தனை பேர் என்று பலகையைப் பார்த்தே சொல்லிவிடலாம். அலுவலகம், ஸ்டோர், பேக்கிங் ஆட்களுக்குக் கழுத்துப் பட்டை சரி. அதிலும் பின்கழுத்தில் இழுத்தால் கழன்றுகொள்ளும் இணைப்பு இருக்கிற பட்டையாகக் கேளுங்கள். சில ரூபாய்தான் கூடும். பெயர் அச்சடித்த சாட்டின் பட்டையைத் தண்ணீரில் நனைத்து வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள், சாயம் ஒட்டினால் திருப்பிவிடுங்கள். இரண்டு வகை வாக்கிலும் அட்டை தேவைப்படும் என்பதால் வடிவம் வரைபவரிடம் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள்.

கடைக்குக் கொடுக்கும்போது உங்கள் கையெழுத்தைப் படமாக அனுப்பிவிடாதீர்கள். அது எந்தக் காகிதத்திலும் போய் ஒட்டிக்கொள்ளும். கையெழுத்து அவசியம் என்றால் அச்சான பின் அழியாத மை பேனாவால் நீங்களே போடுங்கள், 85 அட்டைக்கு அரை மணி நேரம் ஆகும். வேலை முடிந்ததும் படங்களையும் பட்டியலையும் அழிக்கச் சொல்லி ஒரு வரி எழுதி வாங்குங்கள். வெப்ப அச்சு என்றால் தீர்ந்த ரிப்பனையும் கேட்டு வாங்கி வெட்டிப் போடுங்கள். அதன் கருப்புத் துண்டுகளை வெளிச்சத்தில் பிடித்தால் அடித்த ஒவ்வொரு பெயரும் எண்ணும் தெளிவாகத் தெரியும். நல்ல கடைக்காரர் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டார். வடிவக் கோப்பை மட்டும், எழுத்துருவோடு சேர்த்து, நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், நாளைக்கு வேறு கடைக்குப் போக நேரலாம்.

மொத்தமாக அச்சுக்கு விடும் முன் இரண்டு படி. முதலில் ஒரே ஒரு அட்டையை உண்மையான பொருளில் அடித்து வாங்கிப் பாருங்கள். திரையில் பார்த்த லோகோ நிறமும் அட்டையில் வரும் நிறமும் ஒன்றாக இருக்காது. அடுத்து, 85 அட்டைகளின் படத்தையும் ஏ4 தாளில் பக்கத்துக்குப் பத்தாக அடித்து, டீ நேரத்தில் பிரிவு பிரிவாக எடுத்துப் போங்கள். ஒவ்வொருவரும் தன் முகம், தன் பெயர், தன் எண் பார்த்துப் பக்கத்தில் கையெழுத்துப் போடட்டும், படிக்க வராதவருக்குப் படித்துக் காட்டுங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் நாலைந்து பிழையாவது அகப்படும். எனக்கு அகப்படாத முறையே இல்லை.

அட்டை வந்ததும் ஒரு பதிவேட்டில் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள். செல்லுபடியாகும் காலம் மூன்று வருடம் வைத்தால் முகமும் அட்டையும் ரொம்ப விலகிப்போகாது. தொலைத்துவிட்டால் புது அட்டையில் அதே எண்ணுக்குப் பக்கத்தில் 2 என்று போட்டுக் கொடுங்கள், பழைய அட்டை யார் கையிலாவது வந்தால் தெரிந்துவிடும். முதல் முறை தொலைத்தவரிடம் காசு பிடிக்காதீர்கள். பிடித்தால் தொலைந்ததைச் சொல்லாமல் மறைப்பார்கள், கதவு திறக்கும் அட்டையாக இருந்தால் உங்களுக்குத்தான் ஆபத்து. வேலையை விட்டுப் போகும்போது கணக்கு முடிக்கும் அன்றே அட்டையை வாங்கி, அவர் கண் முன்னாலேயே குறுக்கே வெட்டிவிடுங்கள்.